‘ஜெனரல் ஆவரேஜ்’ – தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினர்க்கு,

கப்பல் சரக்குப் போக்குவரத்துப் பட்டயப் படிப்புக்கான பாடநூலில், நாடுகளின் கடல்வணிகச் சட்டங்களை ஒரே சீராக்க நடந்த முயற்சிகள் பற்றிய இயல் என் பொறுப்பில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 1897-இல் ஆண்ட்வெர்ப்பில் தோன்றிய பன்னாட்டுக் கடற்சட்டக் குழு, கப்பல் மோதலுக்கும் மீட்புதவிக்கும் 1910-இல் பிரசெல்சில் ஏற்பட்ட உடன்படிக்கைகள், 1924-இன் ஹேக் விதிகள் வரை ஒருவாறு தமிழாக்கிவிட்டேன். நின்றுபோன இடம், இவற்றுக்கெல்லாம் மூத்த யார்க்–ஆண்ட்வெர்ப் விதிகள். 1860-இல் கிளாஸ்கோவிலும் 1864-இல் யார்க்கிலும் 1877-இல் ஆண்ட்வெர்ப்பிலும் கூடிப் பேசி வகுக்கப்பட்ட இவ்விதிகள், ‘ஜெனரல் ஆவரேஜ்’ என்ற ஒன்றையே பற்றியவை. எனக்கு வந்த பழைய வரைவில் அது ‘பொதுச் சராசரி’ என்று இருக்கிறது. அதைப் படித்த மாணவர் ஒருவர், எல்லாருடைய இழப்பையும் கூட்டித் தலைக்கணக்கால் வகுப்பது என்று விடை எழுதினார். அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டு அவரிடம் வேறு விடையை எதிர்பார்க்க முடியாது.

உண்மையில் கணக்கு இதுதான். கப்பலின் மதிப்பு 60 கோடி, ஒரு வணிகரின் சரக்கு 30 கோடி, மற்றொருவரின் சரக்கு 10 கோடி என்று வைத்துக்கொள்வோம். புயலில் கப்பலைக் காக்க அந்த 10 கோடிச் சரக்கு முழுவதையும் கடலில் தள்ளிவிட்டார்கள். காப்பாற்றப்பட்ட பயன் மூவருக்கும் உரியதாகையால் இழப்பும் மதிப்பின்படி மூவரையும் சேரும்: கப்பலுக்கு 6 கோடி, முதல் வணிகருக்கு 3 கோடி, சரக்கை இழந்தவருக்கும் 1 கோடி. இதற்கு ஒரு நல்ல சொல் வேண்டும்.

— சென்னையிலிருந்து

அன்புள்ள அம்மா,

‘சராசரி’யை நீக்குவதே முதல் வேலை. அது பாரசீகத்திலிருந்து வந்து கணக்கில் நிலைத்துவிட்ட சொல். ஆவரேஜோ அப்படிக் கணக்கில் பிறந்ததன்று. சேதம், பழுது என்னும் பொருள்கொண்ட ‘அவார்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து இத்தாலியத் துறைமுகங்களின் ‘அவாரியா’ வழியாக வந்தது என்பதே பெரும்பாலோர் கொள்கை. கடற்சேதத்தைப் பங்கிட்ட வழக்கிலிருந்துதான் கணக்குப் பொருளே பின்னர்க் கிளைத்தது. ஆகவே மூலப்பொருளாகிய சேதத்தைப் பிடியுங்கள். நம்மிடம் ‘ஊறு’ இருக்கிறது. வள்ளுவர் 662-ஆம் குறளில் ‘ஊறொரால்’ என்றார். அரபு அவாருக்கும் நம் ஊறுக்கும் ஒலியிலும் பொருளிலும் உள்ள நெருக்கம், காயல் முதலிய துறைகளில் அரபு வணிகர் நம்மோடு பழகிய நெடுங்காலத்தை எண்ணும்போது, தற்செயலாக இருக்குமா என்று ஐயுறுகிறேன். ‘பொதுவூறு’ என்பது என் பரிந்துரை. சேதத்தை அதற்கு உரியவர் மட்டுமே தாங்கும் எதிரிணைக்குத் ‘தனியூறு’.

— தஞ்சையிலிருந்து

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

அரபு கற்றவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அவார் என்பதன் வேரிலேயே ‘ஒற்றைக்கண்ணன்’ என்னும் பொருள்தரும் சொல்லும் அரபியில் இருக்கிறது. அது அம்மொழிக்கே உரிய வேர். ஊறோடு அதற்கு உறவு காட்ட ஒலி நெருக்கம் மட்டும் போதாது.

என் கவலை வேறு. ‘பொது’ என்றால் இன்று படிப்பவர் அரசுச் சொத்தைத்தான் நினைப்பார். பொதுச்சொத்துச் சேதம் என்பது நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது. நான் சரக்குத் தீர்வு முகவர். எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் ஜெனரல் ஆவரேஜைச் சுருக்கிச் சொல்வது ‘ஜி.ஏ.’தான். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ‘எவர் கிவன்’ என்ற கப்பல் தரைதட்டியபோது அதன் உரிமையாளர் ஜி.ஏ. அறிவித்தார். ஏறத்தாழ 18,000 கொள்கலன்கள். தம் சரக்குக்கு ஒரு கீறலும் விழாதவர்கூடப் பிணை கொடுத்த பிறகே அதை எடுக்க முடியும் என்றாயிற்று. அந்த நேரத்தில் வணிகர் கேட்கும் முதல் கேள்வி, “என் சரக்கு நன்றாகத்தானே இருக்கிறது, நான் ஏன் கொடுக்க வேண்டும்?” என்பது. சொல்லிலேயே அதற்கு விடை இருந்தால் நல்லது. ‘கூட்டிழப்பு’ என்று வைக்கலாம்.

— தூத்துக்குடியிலிருந்து

குழுவினர்க்கு,

கூட்டிழப்பு எனக்கு நிறைவளிக்கவில்லை. கூட்டுத்தொகை என்ற பழக்கத்தால் அதை ‘மொத்த இழப்பு’ என்று படித்துவிட இடமுண்டு. கடற்காப்பீட்டில் முழு இழப்பு என்பது வேறொரு கருத்து. மேலும் யார்க்–ஆண்ட்வெர்ப் விதிகளின் ‘ஏ’ விதி, பொதுப் பாதுகாப்புக்காக வேண்டுமென்றே, தக்க முறையில், வழக்கத்துக்கு மாறாகச் செய்த தியாகத்தையும் செலவையும் சேர்த்தே பேசுகிறது. இழுவைக் கப்பலுக்குக் கொடுத்த கூலி இழப்பாகுமா? ‘பகிர்விழப்பு’ என்றால் பகிர வேண்டியது என்ற கருத்தாவது தெளிவாக நிற்கும்.

இன்னொன்று. இவை ஹேக் விதிகளைப் போல அரசுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை அல்ல. சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் தரப்பு தரும் சீட்டாகிய பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரியாகச் சேர்க்கப்பட்டு, ஒப்பந்தத்தின் வலிமையாலேயே உலகெங்கும் செல்லுபடியாகின்றன. 2016 வரை பலமுறை திருத்த முடிந்ததற்கும் அதுவே காரணம் என்பேன். ஆதலால் பாடநூலில் ‘யார்க்–ஆண்ட்வெர்ப் சட்டம்’ என்று எங்கும் எழுதிவிடாதீர்கள்.

— சிங்கப்பூரிலிருந்து

அனைவர்க்கும் நன்றி.

நேற்று வகுப்பில் மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதி உரக்கப் படிக்கச் சொன்னேன். பகிர்விழப்பை முன்வரிசையில் இருவர் ‘பகிர் விழப்பு’ என்று பிரித்தார்கள். பொதுவூறை ஒருவர் ‘பொது ஊர்’ என்று கேட்டு எழுதினார். கூட்டிழப்பில் யாரும் தடுமாறவில்லை. செலவும் அடங்க வேண்டும் என்ற கருத்தை ஏற்று, நிகழ்வுக்குக் ‘கூட்டிழப்பு’, முறைக்குக் ‘கூட்டிழப்புப் பங்கீடு’, கணக்கிடுபவருக்குக் ‘கூட்டிழப்புக் கணிப்பாளர்’ என்று வைத்து, முதன்முறை வரும் இடத்தில் இழப்பு என்பது செலவையும் குறிக்கும் என ஒரு வரி சேர்க்கிறேன். எதிரிணை ‘தனியிழப்பு’. பிணைப் படிவத்தில் காண்பது ஜி.ஏ. என்பதால் அதையும் அடைப்புக்குள் கொடுக்கிறேன். இதுவரை எழுதியவர்களில் நால்வர் இதற்கு உடன்பட்டிருக்கிறார்கள்.

— சென்னையிலிருந்து

அம்மா,

அச்சுக்கு அனுப்புங்கள், தடுக்க மாட்டேன். அரபு வேர் பற்றிய திருத்தத்தையும் ஏற்கிறேன். ஆயினும் உடன்பட்டவர்களுள் என்னைச் சேர்க்க வேண்டா. புறநானூற்றின் 30-ஆம் பாட்டு, ‘மீப்பாய் களையாது மிசைப்பரந் தோண்டாது’ புகாருக்குள் புகுந்த பெருங்கலத்தைக் காட்டுகிறது. மேலேற்றிய பாரத்தைக் குறைப்பதற்கு அந்த மாலுமிகளிடம் சொல் இருந்திருக்கிறது. கடலில் தள்ளும் சரக்குக்கு நீங்கள் எழுதியிருக்கும் ‘எறிசரக்கு’ வினைத்தொகையாக ஒற்று மிகாமல் சரியாகவே இருக்கிறது என்றாலும், அடுத்த பதிப்பில் அந்த இடத்தில் பாரத்தைக் குறிக்கும் அப்பாட்டின் ‘பரம்’ என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

— தஞ்சையிலிருந்து