வரலாற்றுக்களத் துப்பறிகதை: ஜோசஃபின் டே கட்டுரைக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நாம் சேர்ந்து எழுதிவரும் ஜோசஃபின் டே கட்டுரையின் முதல் வரி இன்னும் முடிவாகவில்லை. 'ஆங்கிலேய வரலாற்றுக் குற்றப்புனைவு எழுத்தாளர், நாடகாசிரியர்' என்று வரைவில் இருக்கிறது. நாடகாசிரியர் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 'ஆங்கிலேய' என்பதை எடுத்துவிட வேண்டும். அவர் 1896இல் ஸ்காட்லாந்தின் இன்வர்னஸில் பிறந்தவர், வாழ்நாளின் பெரும்பகுதி அங்கேயே இருந்தவர். எழுதியது ஆங்கிலத்தில், பெயர் வாங்கியது லண்டனில், அவ்வளவுதான். 'ஸ்காட்லாந்து எழுத்தாளர்' என்று போடலாம். மிச்சமிருப்பது நடுவில் உள்ள 'வரலாற்றுக் குற்றப்புனைவு' என்ற சொல், அதாவது ஆங்கிலத்தின் 'ஹிஸ்டாரிக்கல் கிரைம் ஃபிக்‌ஷன்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பது. அதுதான் பெரிய வேலை.

இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் எல்லாம் ஆங்கிலச் சொல்லை முன்னால் வைத்துக்கொண்டு அதற்கு நேர் தேடியவை. நான் அந்த அம்மையாரின் எழுத்து வாழ்க்கையை முன்னால் வைத்துத் தேடிப் பார்க்கிறேன். அவர் பழங்காலத்தை ஒரே விதமாகக் கையாளவில்லை. அதைப் பார்த்துவிட்டால் எந்தச் சொல் பொருந்தாது என்பது தெரிந்துவிடும்.

இயற்பெயர் எலிசபெத் மெக்கின்டாஷ். அப்பா பழக்கடை வைத்திருந்தார். பர்மிங்காமில் உடற்பயிற்சி ஆசிரியருக்குப் படித்து, சில பள்ளிகளில் வேலை பார்த்தார். 1923இல் அம்மா நோயில் விழுந்தபோது ஊர் திரும்பினார். அதன்பின் அப்பாவையும் வீட்டையும் பார்த்துக்கொண்டே எழுதினார். முதல் துப்பறியும் நாவல் 1929இல் கார்டன் டேவியட் என்ற ஆண் பெயரில் வந்தது. நாடகக் கொட்டகை வாசலில் வரிசையில் நிற்கும் ஒருவர் கத்திக்குத்துப்பட்டுச் சாகிறார்; ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர் ஆலன் கிராண்ட் விசாரிக்கிறார். முழுக்க அன்றைய லண்டன் கதை. வரலாறு என்ற பேச்சே இல்லை.

பெரும் புகழ் நாடகத்தால் வந்தது. இரண்டாம் ரிச்சர்டு மன்னரைப் பற்றிய 'ரிச்சர்ட் ஆஃப் போர்டோ' 1933 பிப்ரவரியில் லண்டன் நியூ தியேட்டருக்கு வந்து ஓராண்டுக்கு மேல் ஓடியது. இயக்கியவரும் மன்னராக நடித்தவரும் ஜான் கீல்குட். அவரைப் பெரிய நட்சத்திரமாக்கிய வேடங்களில் அது ஒன்று. 14ஆம் நூற்றாண்டு மன்னரும் பிரபுக்களும் மேடையில் 1930களின் இயல்பான பேச்சில் பேசினார்கள். பழங்காலத்து ஆட்கள் என்றால் செய்யுள் நடையில்தான் பேச வேண்டும் என்ற கட்டாயத்தை உடைத்த துணிச்சல் அது. என் பார்வையில் அவருடைய எழுத்து வாழ்க்கையின் முக்கியமான முடிவும் அதுதான். அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்து அரசி மேரி பற்றி ஒரு நாடகம், 1937இல் கிளேவர்ஹவுஸ் என்ற 17ஆம் நூற்றாண்டுப் படைத்தலைவரின் வாழ்க்கை வரலாறு. இவற்றில் எல்லாம் வரலாறு உண்டு, துப்பறிதல் இல்லை.

டே என்ற பெயர் 1936இல்தான் வருகிறது. (ஜோசஃபின் என்பது அவருடைய அம்மாவின் பெயர்.) அந்தப் பெயரில் 1948இல் வந்த 'த ஃபிராஞ்சைஸ் அஃபேர்' நம் விவாதத்துக்கு மிகவும் வேண்டியது. 1753இல் லண்டனில் எலிசபெத் கேனிங் என்ற 18 வயது வேலைக்காரப் பெண் ஒரு மாதம் போலக் காணாமல் போய்த் திரும்பி வந்தாள். தன்னை ஒரு வீட்டில் அடைத்து வைத்திருந்ததாகச் சொன்னாள். நாவலாசிரியரும் நாடகாசிரியருமான ஹென்றி ஃபீல்டிங் அப்போது நீதிபதியாக இருந்தார். அவளுடைய வாக்குமூலத்தை வாங்கியவர் அவரே. அவள் கைகாட்டிய மேரி ஸ்குவயர்ஸ் என்ற கிழவிக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். பிறகு அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது. 1754இல் கேனிங்கே பொய்ச்சாட்சிக் குற்றத்துக்காக அமெரிக்காவுக்கு நாடு கடத்தப்பட்டாள். டே இந்த வழக்கை எடுத்து, ஆளையும் ஊரையும் மாற்றி, இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் நடப்பதாக எழுதிவிட்டார். குற்றம் பழையது, கதை புதியது.

அப்புறம் 1951இல் 'த டாட்டர் ஆஃப் டைம்'. கால் முறிந்து மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் கிராண்ட், அண்ணன் மகன்களைக் கொன்றவர் என்று சொல்லப்படும் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் ஓவியத்தைப் பார்க்கிறார். இந்த முகம் கொலைகாரன் முகமா என்ற ஐயம் எழுகிறது. 1483இல் லண்டன் கோபுரத்தில் இருந்த இரண்டு இளவரசர்கள் அதன்பின் என்ன ஆனார்கள் என்று விசாரிக்கத் தொடங்குகிறார். அசைய முடியாது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் தேடித் தர ஓர் இளம் அமெரிக்கர் மட்டும் உண்டு. ரிச்சர்டைப் பற்றி ஆங்கிலேய அறிஞர் தாமஸ் மோர் எழுதியதை எல்லோரும் நேரடிச் சாட்சியம் போல நம்புகிறார்கள். ஆனால் ரிச்சர்டு ஆண்டபோது மோர் சின்னப் பிள்ளை, எழுதியதெல்லாம் கேள்விச் செய்தி என்று கிராண்ட் பிடிக்கும் இடம், துப்பறியும் கதையும் வரலாற்று ஆய்வும் ஒன்றாகும் இடம். 1990இல் பிரிட்டனின் குற்ற எழுத்தாளர் சங்கம் எடுத்த தலைசிறந்த நூறு நாவல்கள் பட்டியலில் இதற்குத்தான் முதலிடம். ரிச்சர்டு கொலை செய்யவில்லை என்ற கதையின் முடிவை எல்லா வரலாற்றாளர்களும் ஏற்கவில்லை. 2012இல் லெஸ்டர் நகர வாகன நிறுத்துமிடத்தில் கிடைத்த ரிச்சர்டின் எலும்புக்கூடு முதுகெலும்பு வளைந்திருந்ததைக் காட்டியது. இளவரசர்களைப் பற்றி அது எதுவும் சொல்ல முடியாது. ஆனாலும் ஆவணத்தை எப்படிச் சந்தேகிப்பது என்று பொதுவாசகர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் இதற்கு ஈடாக இன்னொரு துப்பறியும் நாவலை நான் படித்ததில்லை.

1952 பிப்ரவரி 13 அன்று அவர் இறந்தார். நூல்களின் வருமானம் உட்படச் சொத்தை, பழைய கட்டடங்களையும் இயற்கை இடங்களையும் காக்கும் இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்கு எழுதி வைத்திருந்தார். இதை ஒரு வரியாகக் கட்டுரையில் சேர்க்க வேண்டும்.

சரி, இப்போது கவனியுங்கள். இந்த முழு வாழ்க்கையில் பழங்காலத்திலேயே வாழ்ந்து, அந்தக் காலத்து அறிவை மட்டும் கொண்டு துப்பறியும் ஒருவரை டே படைக்கவே இல்லை. ஆங்கிலத்தில் 'ஹிஸ்டாரிக்கல் கிரைம் ஃபிக்‌ஷன்' என்றால் இன்று முதலில் நினைவுக்கு வருவது அப்படிப்பட்ட கதை. அதை ஊன்றியவர் எலிஸ் பீட்டர்ஸ் என்ற புனைபெயரில் எழுதிய எடித் பார்கெட்டர். இவர்தான் உண்மையில் ஆங்கிலேயர், ஷ்ராப்ஷயர்க்காரர். மருந்துக்கடையில் உதவியாளராக இருந்து எழுத வந்தவர். 1977இல் தொடங்கி 20 நாவல்களில் வரும் காட்ஃபேல், ஷ்ரூஸ்பரி மடத்தில் மூலிகைத் தோட்டம் பார்க்கும் துறவி. 1138இல் ஸ்டீபன் மன்னர் ஷ்ரூஸ்பரி கோட்டையைப் பிடித்துக் காவல்படையைத் தூக்கிலிட்டது உண்மை நிகழ்ச்சி. இரண்டாவது நாவலில் அந்த 94 உடல்களை அடக்கம் செய்யப் போகும் காட்ஃபேல் எண்ணிப் பார்க்கிறார், 95 இருக்கின்றன. கைரேகை இல்லை, பிரேதப் பரிசோதனைக் கூடம் இல்லை, எண்ணத் தெரிந்த ஒரு துறவி மட்டும். இந்த வகை எழுத்துக்கென்றே 1999இல் எலிஸ் பீட்டர்ஸ் நினைவாக ஒரு விருது தொடங்கினார்கள்.

ஆங்கிலம் இந்த இரண்டையும் ஒரே பெயரில் அடக்கிக்கொள்கிறது. நாமும் அப்படிச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை.

வந்த சொற்களைப் பார்ப்போம். 'வரலாற்றுக் குற்றப்புனைவு' என்பதைத் தமிழில் படிப்பவர் 'வரலாற்றுக் குற்றம்' என்று முதலில் சேர்த்துப் படிப்பார். 'வரலாற்றுப் பிழை' என்று மேடைகளில் கேட்டுப் பழகிய காது அது. ஏதோ ஓர் அரசு வரலாற்றில் இழைத்த குற்றம் பற்றிய கதை என்று தோன்றும். 'வரலாற்றுத் துப்பறியும் புதினம்' வரலாற்றையே துப்பறிவதாகப் பொருள்பட்டு டேவின் 1951 நாவலுக்குப் பொருந்தும், காட்ஃபேலுக்குப் பொருந்தாது. 'சரித்திர மர்ம நாவல்' காதுக்கு இனிமையாக இருக்கிறது, ஆனால் மர்மம் என்றால் பேய்க்கதையும் உள்ளே வந்துவிடும். 'முற்காலத் துப்பறிகதை' நல்ல சொல். அதை முன்வைத்த நண்பருக்கு நன்றி. 'துப்பறிகதை' என்ற பாதியை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது, நாவல், சிறுகதை, நாடகம் எல்லாவற்றையும் தாங்கும். முன்பாதிதான் சிக்கல். முற்காலத்தில் எழுதப்பட்ட துப்பறிகதை என்றும் பொருள் வரும். அப்படியானால் ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கோனன் டாயிலும் தமிழில் துப்பறியும் நாவல்கள் எழுதிய வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இதில் வந்துவிடுவார்கள். அவர்கள் தங்கள் காலத்தைத்தான் எழுதினார்கள்.

என் பரிந்துரை இரண்டு சொற்கள். காட்ஃபேல் வகைக்கு 'வரலாற்றுக்களத் துப்பறிகதை'. 'களம்' வந்தவுடன் 'வரலாற்று' என்பது குற்றத்தையோ துப்பறிதலையோ போய் ஒட்டாது, கதை நிகழும் இடத்தையும் காலத்தையும் மட்டும் சுட்டும். 'தொல்களம்' இன்னும் சுருக்கம். ஆனால் விக்டோரியா காலத்து லண்டனைத் தொல் என்று சொல்ல முடியாது. 'முன்களம்' சுகாதாரப் பணியாளர்களுக்குப் போய்விட்டது.

இன்றைய ஆள் அன்றைய குற்றத்தை விசாரிக்கும் வகைக்குப் 'பழவழக்குத் துப்பறிகதை'. பழமொழி, பழவினை போல அமைந்த சொல். வழக்கு என்பதற்குச் சொல்வழக்கு என்ற பொருளும் உண்டே என்று மொழியியல் நண்பர்கள் கேட்கலாம். துப்பறிகதை பின்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. காவல் நிலையத்தில் தூசி படிந்து கிடக்கும் இருபது வருடத்து வழக்கை மறுபடி திறக்கும் கதைகளுக்கும் இதே சொல் பயன்படும்.

'த ஃபிராஞ்சைஸ் அஃபேர்' இரண்டிலும் சேராது. அதற்குத் தனிப்பெயர் தேவையில்லை. 'உண்மை வழக்கைத் தழுவிய துப்பறிகதை' என்று விளக்கமாகவே எழுதலாம். 'குற்றப்புனைவு' எல்லாவற்றுக்கும் மேலான பொதுப்பெயராக இருக்கட்டும், அதற்கு முன்னால் 'வரலாற்று' மட்டும் வேண்டாம்.

அப்படியானால் டே கட்டுரையின் முதல் வரி இப்படி வரும்: 'ஜோசஃபின் டே (1896–1952) ஸ்காட்லாந்து எழுத்தாளர், வரலாற்று நாடகங்களும் துப்பறிகதைகளும் எழுதியவர், பழவழக்குத் துப்பறிகதைக்கு முன்மாதிரியான நாவலின் ஆசிரியர்.' எடித் பார்கெட்டர் கட்டுரையில் 'வரலாற்றுக்களத் துப்பறிகதை' வரும். மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு, அந்தச் சொல்லுக்குள் காட்ஃபேலும் கிராண்டும் எங்கே நிற்பார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மறுப்பு வராவிட்டால் வார இறுதியில் இரண்டு கட்டுரைகளையும் நானே திருத்திவிடுகிறேன்.

அன்புடன்