கயோட்டி: 300 யார்டுல சுடலாமா, இல்ல கிட்ட வர விடணுமா?

மெஸ்கீட்மணி (சான் ஏஞ்சலோ, டெக்சாஸ்):
வணக்கம் மக்களே. போன சனிக்கிழமை நடந்தது மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது, அதான் இங்க வந்து கொட்டறேன். ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவரோட மாமனாருக்கு ஊருக்கு வெளிய ஆட்டுப்பண்ணை இருக்கு, இப்ப குட்டி போடற நேரம், கயோட்டி (நரி மாதிரி இருக்கற இந்த ஊர்க் காட்டு நாய்) வந்து குட்டியைத் தூக்கிட்டுப் போகுது, ரெண்டைக் குறைச்சுக் குடுங்கன்னார். விடிகாலைல போய் அதை வரவழைக்க முயல் அலறுற சத்தத்தை ஸ்பீக்கர் பெட்டில ஓட விட்டேன். பத்து நிமிஷத்துல ஒண்ணு வந்துச்சு, ஆனா தூரத்துலயே நின்னுடுச்சு. தூரம் அளக்கற ரேஞ்ச்ஃபைண்டர் 310 யார்டு காட்டுச்சு. என்கிட்ட இருந்தது 223 ரக ஏஆர் துப்பாக்கி (அடுத்த குண்டு தானா ஏறும்), 55 கிரெய்ன் எடை வி-மேக்ஸ் குண்டு, 200 யார்டுல குறி வச்ச இடத்துலயே விழற மாதிரி ஜீரோ பண்ணினது. இடது பக்கம் பாத்து முழு உடம்பையும் காட்டிட்டு நின்னுச்சு, முதுகுக் கோட்டுல குறி வச்சு அடிச்சேன். தப்புன்னு சத்தம் கேட்டுச்சு, சுத்திச் சுத்தி தன் இடுப்பையே கடிச்சுச்சு, அப்புறம் எந்திரிச்சு மெஸ்கீட் புதருக்குள்ள ஓடிருச்சு. ஒன்றரை மணி நேரம் தேடினேன், ரெண்டு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். எங்க சாகுதோன்னு நினைச்சா சோறு எறங்கல. நான் எவ்வளவு தூரத்துல சுடணும், எங்க குறி வைக்கணும்?

அண்ணாச்சி_அபிலீன்:
தம்பி, வருத்தப்படுதீரே அதுவே பெரிய விஷயம், நாலு பேரு இதைச் சொல்லாம மறைச்சிருவான். ஆனா ஒண்ணு கேக்கேன், கூப்பிட்டா காலடிக்கு வர்ற மிருகத்தை எதுக்கு மூணு கால்பந்து மைதான தூரத்துல வச்சு அடிக்கணும்? நான் 100 யார்டுக்கு உள்ள வராம ட்ரிகர்ல விரல் வைக்கிறதே கிடையாது. பெட்டியை ஒமக்கு முன்னால அம்பது அறுபது யார்டு தள்ளி வையும். கயோட்டி நேரா சத்தத்துக்கு வராது, காத்து அடிச்சிட்டுப் போற பக்கமா சுத்தி வந்து மோப்பம் புடிச்சிட்டுத்தான் வரும், அந்தச் சுத்துப்பாதை ஒம்ம துப்பாக்கிக்கு முன்னால விழுற மாதிரி உக்காரும். அது தெரியாம பெட்டி வாங்கி என்ன பிரயோசனம்.
குறி வந்து முன்சப்பைக்குப் பின்னால ஒரு மடிப்பு இருக்கும்லா, முழங்கைக்கு நேர் மேல, அடிவயித்துக் கோட்டுல இருந்து மூணுல ஒரு பங்கு உசரம். அங்க பட்டா இதயமும் நுரையீரலும் சேந்து போயிரும், பத்தடி தாண்டாது.

கோபி_கான்சஸ்:
அண்ணாச்சி மேல மரியாதை உண்டுங்க, ஆனா இது அபிலீன் கணக்கு. எங்க மேற்குக் கான்சஸ்ல வந்து பாருங்க, கோதுமை அறுத்த தாள்க்காடு, கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் ஒரு மரம் கெடையாது. கயோட்டி 300ல வந்து உக்காந்துக்கும், பெட்டியைப் பாக்கும், நம்மளப் பாக்கும், ஒரு தடவை ஆளுகிட்ட சூடு பட்ட பழைய கயோட்டின்னா கொட்டாவி விட்டுட்டுத் திரும்பிப் போயிரும். 100க்கு வரும்னு காத்திருந்தா சாயந்திரம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.
மணி, உங்க தப்பு தூரமில்லீங்க, காத்து. கயோட்டி இடது பக்கம் பாத்து நின்னுச்சுன்னு சொன்னீங்க. அன்னைக்குக் காத்து எந்தப் பக்கம் இருந்து அடிச்சுதுங்க?

மெஸ்கீட்மணி:
இடதுல இருந்து. தொப்பி பறக்கற அளவு இல்ல, ஆனா புல்லு சாஞ்சுதான் இருந்துச்சு. மணிக்கு 10, 12 மைல் வேகம் இருக்கலாம்.

கோபி_கான்சஸ்:
அதேதான். 200 ஜீரோன்னா அந்தக் குண்டு 300ல ஆறு இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல எறங்கும், 310ல ஏழு. நீங்க முதுகுக் கோட்டுல வச்சதால உசரம் கிட்டத்தட்ட சரி. ஆனா 10 மைல் குறுக்குக் காத்து அந்த 55 கிரெய்னை 300ல பத்து இன்ச்சுக்கு மேல தள்ளும், 12 மைல்னா ஒரு அடி. இடதுல இருந்து அடிச்ச காத்து குண்டை வலது பக்கம் தள்ளிருக்கு, கயோட்டி மூஞ்சி இடது பக்கம், அப்போ வலதுல என்ன இருக்கும்? வயிறும் தொடையும். அதான் இடுப்பைக் கடிச்சுட்டுச் சுத்துச்சு. மூக்குக்கு முன்னாடி வச்சு அடிச்சிருந்தா அங்கயே விழுந்திருக்குமுங்க.

அண்ணாச்சி_அபிலீன்:
பாத்தீரா, நான் சொல்லுததைத்தான் கோபி தம்பியும் சொல்லுதாரு, ஆனா அவருக்கே தெரியல. மூக்குக்கு முன்னால காத்துல வச்சு அடிக்கணும்னா அது குறியா ஜோசியமா? கயோட்டி நெஞ்சுல தப்பில்லாத இடம் நாலு அஞ்சு இன்ச்சுதான், ஒரு சின்ன தோசை அளவு. பனிக்கால முடி புசுபுசுன்னு இருக்கதால பெருசாத் தெரியும், உள்ள பாத்தா எங்க டெக்சாஸ் கயோட்டி 25, 30 பவுண்டு, ஒரு மெலிஞ்ச நாட்டு நாய். காத்தை 5 மைல் தப்பாக் கணிச்சா 300ல அஞ்சு இன்ச் தப்பு, நெஞ்சுக்கு வெளிய போயிரும். 100ல அதே தப்பு அரை இன்ச். இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும்.

லெத்பிரிட்ஜ்_தம்பி (அல்பர்ட்டா, கனடா):
அண்ணைமார், காத்தைப் பற்றி எங்களோட கதையுங்கோ. இஞ்ச காத்தில்லாத நாள் எண்டா ஊரே அதிசயமாப் பாக்கும். நான் 223ஐ விட்டுட்டு பாரமான குண்டு போடுற 243 துவக்குக்கு வந்ததே அதுக்காகத்தான், 87 கிரெய்ன் வி-மேக்ஸ் அதே பத்து மைல் காத்துக்கு 300 யார்டில ஆறேழு இஞ்சிதான் விலகும். ஏஆர் ரக துவக்கு எங்களுக்கு 2020 மே மாதம் தொடக்கம் தடை, அதால ஒவ்வொரு வெடிக்கும் கையால இழுத்துப் பூட்டுற போல்ட் ஆக்ஷன்தான், ரெண்டாம் வெடி கெதியா வைக்கேலாது. அப்ப முதல் வெடியே சரியாப் போகோணும். நான் 200ஐத் தாண்டிறேல்லை, காத்துக் கூடின நாளில 150.
அண்ணாச்சி சொன்ன இடத்தில எனக்கு ஒரு பிரச்சினை இருக்கு. முன்சப்பைக்குப் பின்னால சரி, ஆனா கொஞ்சம் முன்னால தவறினா அந்த மெல்லிசுக் குண்டு தோள் எலும்பிலயே சிதறிப்போகும், வெளியால பெரிய காயம், உள்ளுக்க ஒண்டும் இராது. கயோட்டி மூண்டு காலில ஓடும். எலும்பை உடைக்கிற எண்ணமெண்டா பாரமான குண்டு போடோணும், வி-மேக்ஸை வைச்சுக்கொண்டு தோளில அடிக்கப்படாது.

கோபி_கான்சஸ்:
தோள் விஷயத்துல தம்பி சொல்றது நெசம், என் 22-250 துப்பாக்கில நானே பட்டிருக்கேன். தட்டு அளவுக்குப் புண்ணு, ஆனா ஓடிருச்சு. நாய் வச்சுத்தான் கண்டுபிடிச்சோம்.

புதுசு_ஆஸ்டின்:
குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். தலைல அடிச்சா உடனே முடிஞ்சிரும்ல, தோலும் கெடாது? அப்புறம் நான் எச்1பி, துப்பாக்கி வாங்கலாமா?

அண்ணாச்சி_அபிலீன்:
தலை பக்கமே போவாதீரும். மூளை ஒரு பெரிய எலுமிச்சம்பழம் அளவு, அந்தத் தலை ஒரு நிமிசம் நிலையா இருக்காது, காது ஒரு பக்கம் மூக்கு ஒரு பக்கம்னு ஆட்டிக்கிட்டே இருக்கும். ரெண்டு இன்ச் முன்னால பட்டா தாடை போயிரும், அது சாக ஒரு வாரம் ஆவும், பட்டினியா. நான் ஒண்ணு பாத்திருக்கேன், அதுக்கப்புறம் யாரு தலைன்னு சொன்னாலும் எனக்குக் கோவம் வரும்.
நேரா ஒம்மைப் பாத்து வருதுன்னா தொண்டைக்குக் கீழ நெஞ்சு நடுவுல, ரெண்டு முன்னங்காலும் சேருத இடத்துக்குக் கொஞ்சம் மேல. கிட்டத்துல அதை விட நல்ல குறி கிடையாது.

மெஸ்கீட்மணி:
@புதுசு, எச்1பி மாதிரி விசாக்காரங்களுக்குப் பொதுவா தடைதான், ஆனா செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் கைல இருந்தா ஃபெடரல் சட்டத்துல விதிவிலக்கு உண்டு. டெக்சாஸ்ல 1971 செப்டம்பர் 2லயோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்க ஹன்டர் எஜுகேஷன் வகுப்பு முடிக்கணும், அதையும் சேத்துப் பாத்துக்கோங்க. எதுக்கும் வக்கீலை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க, கிரீன் கார்டு விவகாரத்துல விளையாடாதீங்க.

கோபி_கான்சஸ்:
சரி, அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. கிட்ட வந்தா நிக்குங்களா? 60 யார்டுல வர்ற கயோட்டி பெட்டியைப் பாத்து ஓட்டமா வரும், ஓடறதைத்தான் அடிக்கோணும். 300ல நிக்கறது சிலையாட்டம் நிக்கும். நின்ன மிருகத்தை ட்ரைபாடுல வச்சு அடிக்கறது மேலா, ஓடற மிருகத்தைக் கையில புடிச்சு அடிக்கறது மேலா? நான் வாரம் தவறாம 300, 400ல இரும்புத் தட்டு அடிச்சுப் பழகறேனுங்க, காத்தைப் புல்லுல பாத்துப் படிக்கறேன், 350க்கு மேல நானும் விட்டுருவேன். பழகாதவன் 150ல கூட அடிக்கக் கூடாதுங்கறது என் கருத்து.

அண்ணாச்சி_அபிலீன்:
தட்டு நடக்காதுவே! 300 யார்டு போக ஒம்ம குண்டுக்குச் செகண்டுல மூணுல ஒரு பங்கு வேணும். நான் சும்மா சொல்லல, கணக்குப் போட்டுப் பாரும், மணிக்கு மூணு மைல் வேகத்துல சும்மா நடந்தாலே அந்த நேரத்துல ஒன்றரை அடி தாண்டிரும். நீரு ட்ரிகரை இழுத்த நேரம் அது நிக்குது, குண்டு போய்ச் சேருத நேரம் ஒரு எட்டு எடுத்து வச்சிட்டுன்னா நெஞ்சுக்குப் பதில் குடல். 100 யார்டுல அதே நடைக்கு அஞ்சு இன்ச், தப்பினாலும் ஈரலு.
ஓடுததை யாரு அடிக்கச் சொன்னா? வாயால "ஊஃப்"னு ஒரு குரை குரைச்சா தலையைத் தூக்கி நிக்கும். ரெண்டு செகண்டு. ரெண்டு செகண்டு போதும்.

கோபி_கான்சஸ்:
சில நேரம் நிக்கும். சில நேரம் இன்னும் வேகமா ஓடும், அதையும் சொல்லுங்க. 22-250 உங்க 223 இல்லீங்க, குழாய் வாசல்லயே செகண்டுக்கு 3,680 அடி வேகம், 300 போய்ச் சேர நேரமும் கம்மி.

அண்ணாச்சி_அபிலீன்:
கம்மிதான், எவ்வளவு கம்மி? கண்ணை மூடித் தொறக்குத நேரம் கூட இல்ல. அதுக்குள்ள கயோட்டி சாமி கும்பிட்டுக்கிட்டு நிக்குமா?

ரேவதி_ராலே:
நீங்க ரெண்டு பேரும் காத்தையும் நேரத்தையும் பேசறீங்க, அது கயோட்டிதானான்னு யாரும் பேசலையே. எங்க நார்த் கரோலைனா கிழக்குக் கரைப் பக்கம் அஞ்சு கவுண்டில செவப்பு ஓநாய் இருக்கு, உலகத்துலயே காட்டுல மிச்சம் இருக்கறது அங்க மட்டும்தான். 300 யார்டுல, மங்கலான வெளிச்சத்துல, எளசு ஓநாய்க்கும் பெரிய கயோட்டிக்கும் வித்தியாசம் சொல்லுங்க பாப்போம். கயோட்டின்னு நினைச்சு அடிச்ச கேஸ் நிறைய, அதனாலதான் 2014ல கோர்ட் சமரசம் வந்து அந்த அஞ்சு கவுண்டிலயும் ராத்திரி கயோட்டி வேட்டையையே நிறுத்தினாங்க. உடம்புச் சூட்டைக் காட்டற தெர்மல் ஸ்கோப்ல பாத்தா நாய், கன்னுக்குட்டி, கயோட்டி எல்லாமே வெள்ளைக் கட்டிதான். எனக்குக் காதோட வடிவமும் வால் தொங்கற விதமும் தெளிவாத் தெரியற தூரம்தான் என் தூரம், அது 120க்கு மேல போனதில்ல. கழுத்துப்பட்டை போட்ட பக்கத்து வீட்டு ஷெப்பர்டை அடிச்சுட்டு யார் முகத்துல முழிப்பீங்க?

லெத்பிரிட்ஜ்_தம்பி:
அக்கா சொல்லுறது சரி. நரி முகத்தில முழிச்சா அதிர்ஷ்டம் எண்டு ஊரில சொல்லுறவை, பக்கத்து வீட்டுக்காரற்றை முகத்தில முழிக்கேலாது.

கோபி_கான்சஸ்:
ராத்திரிக்கு நானும் ஒத்துக்கறேங்க. நான் பேசறது பட்டப்பகல், பனி மேல நிக்கற கயோட்டி, எங்க ஊர்ல ஓநாயும் இல்ல.

புதுசு_ஆஸ்டின்:
தோல் வித்தா காசு வருமா? யாரும் சொல்லலையே.

லெத்பிரிட்ஜ்_தம்பி:
அது முடிஞ்ச கதை, தம்பி. கனடா கூஸ் கொம்பனி ஜாக்கெட் தொப்பி விளிம்புக்கு வைச்ச முடி எங்கட கயோட்டியின்ரைதான். அவை 2021ல இனி முடி வாங்கிறேல்லை எண்டு அறிவிச்சவை. தோலுக்காகச் சின்ன ஓட்டை, சின்ன குண்டு எண்டு யோசிச்ச காலம் போட்டுது. இப்ப ஒரே யோசனை, விழுந்த இடத்திலயே கிடக்கோணும். முடி தடிப்பு, குண்டும் மற்றப் பக்கத்தால வெளியால வாறேல்லை, ரத்தம் நிலத்தில விழாது. மணி அண்ணை ரெண்டு சொட்டுத்தான் கண்டவர் எண்டதுக்கு அதுவும் காரணம்.

அண்ணாச்சி_அபிலீன்:
மணி, ஒம்ம கதைக்கு வருவோம். அடிபட்டு இடுப்பைக் கடிக்குதுன்னா அது குடல் வெடி, அந்த நொடியே ரெண்டாவதைப் போட்டிருக்கணும். சுத்திக்கிட்டு இருக்கும்போது சும்மா பாத்துட்டு இருந்தீரா?

மெஸ்கீட்மணி:
ஆமா அண்ணாச்சி. விழுந்துடுச்சுன்னு நினைச்சு ஸ்கோப்ல இருந்து கண்ணை எடுத்துட்டேன். பண்ணைக்காரருக்கு ஃபோன் பண்ணப் போனேன்.

அண்ணாச்சி_அபிலீன்:
ஃபோனா! சரி விடும்.

மெஸ்கீட்மணி:
எல்லாருக்கும் ஒரு அப்டேட். இந்த ஞாயித்துக்கிழமை மறுபடி போனேன். அண்ணாச்சி சொன்ன மாதிரி பெட்டியை 60 யார்டு தள்ளி வச்சு, காத்து அடிச்சிட்டுப் போற பக்கம் பாத்து உக்காந்தேன். ஏழு நிமிஷத்துல ஒண்ணு 300ல நின்னுச்சு, கை அரிச்சுது, கோபி ஞாபகம் வந்துச்சு, இருந்தும் சுடல. அது இடது பக்கமா சுத்தி, ஒரு பள்ளத்துல எறங்கிக் காணாமப் போச்சு. போச்சுடான்னு நினைச்சேன். திடீர்னு எனக்கு முன்னாடி 25 யார்டுல புதருக்குள்ள இருந்து தலையை நீட்டுச்சு. அதோட கண்ணு மஞ்சளா இருக்கறது வெறும் கண்ணுலயே தெரிஞ்சுது. துப்பாக்கியைத் தூக்கினேன், ஸ்கோப் முழுக்க வெறும் சாம்பல் முடி, எது தோளு எது தொடைன்னு ஒண்ணும் புரியல, கால் இருக்கற பக்கமா ஒரு குத்துமதிப்பா அடிச்சேன். மண்ணுதான் பறந்துச்சு. கயோட்டி போயே போச்சு.

கோபி_கான்சஸ்:
ஸ்கோப் எத்தனை எக்ஸ்ல, அதாவது எத்தனை மடங்கு பெருசாக் காட்டற மாதிரி வச்சிருந்தீங்க?

மெஸ்கீட்மணி:
14.

கோபி_கான்சஸ்:
அண்ணாச்சி, நீங்களே பதில் சொல்லிக்கோங்க.

அண்ணாச்சி_அபிலீன்:
4ல வையும் தம்பி, எப்பவும் 4ல. தூரத்துல நின்னா திருகிக்க நேரம் இருக்கும், கிட்ட வந்தா இருக்காது. அப்புறம் ஏஆர்ல ஸ்கோப்பு குழாய்க்கு மேல ரெண்டரை இன்ச் ஒசரத்துல உக்காந்திருக்கு, 25 யார்டுல குண்டு நீரு பாக்குத இடத்துக்கு ஒன்றரை இன்ச் கீழதான் போவும், அதையும் மனசுல வச்சுக்கிடும். அடுத்த சனிக்கிழமை அந்தப் பண்ணைக்கு நானும் வாரேன், ஒன்றரை மணி நேரம்தான். வேண்டாம்னா சொல்லும்.

கோபி_கான்சஸ்:
மணி, அவரைக் கூட்டிட்டுப் போங்க. ஆனா 300ல ஒண்ணு நின்னா அவரு என்ன பண்றாருன்னு மட்டும் பாத்து எழுதுங்க.