பொருள்: கவர் சாங் – ‘வழிப்பாடல்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அனைவருக்கும் வணக்கம். ஒருவர் பாடி வெளியான பாட்டைப் பிறகு இன்னொருவர் தம் போக்கில் பாடுவதைத்தான் ‘கவர் சாங்’ என்கிறார்கள். நம் சொற்பட்டியலுக்காக அதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம், வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> மறுபாடல் என்றே வைத்துவிடலாம், எல்லாருக்கும் சட்டென்று புரியும்.

பள்ளத்தூர் அக்கா, புரியும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ‘மறு’ என்று போட்டாலே, மறுபதிப்பு, மறுஒளிபரப்பு என்கிற மாதிரி, இன்னொரு தடவை பாடினார்கள் என்பதோடு பொருள் நின்றுவிடுகிறது. திருவிழா ஆர்க்கெஸ்ட்ராவில் பழைய பாட்டை அச்சு அசலாக எடுத்துக் கொடுப்பவர்களுக்கு அது சரி. வரிகளை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு பாட்டின் உணர்ச்சியையே திருப்பிப் போடுகிறார்களே, அவர்களுக்கு அது போதாது.

‘மேட் வேர்ல்ட்’ என்ற ஆங்கிலப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1982இல் டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் குழு பாடியதில் சிந்தசைசரும் ட்ரம்ஸும் விடாமல் ஓடும், அத்தனை சோகமான வரிகளையும் காலால் தாளம் தட்டிக்கொண்டே கேட்டுவிடலாம். 2001இல் ‘டானி டார்க்கோ’ படத்துக்காக மைக்கேல் ஆண்ட்ரூஸும் கேரி ஜூல்ஸும் அதையே செய்தபோது ட்ரம்ஸை எடுத்துவிட்டார்கள், வேகத்தை வெகுவாகக் குறைத்தார்கள், முன்னால் நிற்பது பியானோவும் ஏறக்குறைய முணுமுணுக்கிற ஒரு குரலும்தான். முதலில் கேட்டபோது காதில் விழாமல் போன சொல் எல்லாம் இதில் விழுகிறது.

அமெரிக்கப் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் இன்னும் துணிச்சல். ‘ரெஸ்பெக்ட்’ 1965இல் ஓடிஸ் ரெட்டிங் எழுதிப் பாடியது, வீடு திரும்புகிற ஆண் தன் பெண்ணிடம் மரியாதை கேட்கிற பாட்டு. 1967இல் அரீதா பாடியதும் கேட்கிறவள் பெண்ணாகிவிட்டாள். தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்கிற இடம் ரெட்டிங்கிடம் கிடையாது, அரீதாவின் பதிவில் வந்தது. இன்றைக்குப் பலருக்கு அந்த இடம்தான் அந்தப் பாட்டே!

இப்படிப்பட்ட வேலைக்கு நம்மிடம் ஏற்கெனவே இலக்கணம் இருக்கிறது. முன்னோர் நூலைப் பின்பற்றி எழுதும் வழிநூலைப் பற்றி நன்னூல் சொல்வது:

“முன்னோர் நூலின் முடிபுஒருங்கு ஒத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி
அழியா மரபினது வழிநூல் ஆகும்”

‘பின்னோன் வேண்டும் விகற்பம்’ என்பதைப் படித்ததும் எனக்கு அரீதாதான் நினைவுக்கு வந்தார். முதல்நூலுக்கு வழிநூல் என்றால், முதற்பாடலுக்கு வழிப்பாடல். பின்னால் வந்தவர் தமக்கு வேண்டிய மாற்றத்தைச் செய்ய உரிமை உள்ளவர் என்பது இந்தப் பெயரிலேயே அடங்கிவிடுகிறது. காரைக்குடிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், 1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து நாம் கொண்டாடி வருவதே ஒரு வழிநூலைத்தானே. வில் ஒடிவதற்கு முன்பே இராமனும் சீதையும் ஒருவரையொருவர் பார்ப்பது வான்மீகியில் இல்லை, கம்பர் வைத்தது. அந்த ஒரு பார்வையால் வில் ஒடிகிற இடத்தையே நாம் சீதையின் தவிப்போடு கேட்கிறோம். கதை அதேதான், உணர்ச்சி வேறு.

> ரீமிக்ஸையும் இதிலேயே சேர்த்துவிடலாமா?

வேண்டாம் ஐயா. அதற்கும் நன்னூலில் இடமிருக்கிறது: ‘ஒருசிறை தொடங்கித் திரிபுவேறு உடையது புடைநூல்’. பழைய பதிவில் ஒரு துண்டை மட்டும் எடுத்து வேறொன்று கட்டுவதற்குப் புடைப்பாடல் என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். அப்புறம், ‘புதிய பறவை’ படத்தில் ஒரே பாட்டு இரண்டு விதமாக வருகிறதே, அதுவும் கவர் சாங்தானா என்று கேட்டிருந்தீர்கள். நம்ம சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் எழுதி, அதே படத்தில் சுசீலா மகிழ்ச்சியாக ஒருமுறையும் சோகமாக ஒருமுறையும் பாடும் ‘உன்னை ஒன்று கேட்பேன்’ வழிப்பாடல் ஆகாது. இரண்டும் முதலில் படைத்தவர்களே செய்தவை, பின்னோன் என்று ஒருவர் அங்கே இல்லை. சோக வடிவம் என்று சொன்னாலே போதும்.

கல்யாண வீட்டில், வளவு நிறையச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, நாகஸ்வரக்காரர் ஒரு சினிமாப் பாட்டை எடுக்கிறார். தவில் சற்று ஓய்ந்திருக்கிறது, அவர் பல்லவியின் முதல் அடியை மட்டும் இழுத்து இழுத்து நாலு விதமாக வாசிக்கிறார், சொல் இல்லை, ஆச்சிகள் வாய்க்குள்ளேயே வரியைப் பாடிக்கொள்கிறார்கள். படத்தில் துள்ளலாக இருந்த பாட்டு இங்கே பெண்ணை அனுப்பிவைக்கிற பாட்டாகிவிடுகிறது. இதையும் நான் வழிப்பாடல் என்றுதான் சொல்வேன், பாடுவதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஒரே ஒரு சிக்கல் இருக்கிறது. வேகமாகப் படித்தால் ‘வழிபாட்டுப் பாடல்’ என்று கண் ஏமாறும். அதனால் ‘வழிப்பாட்டு’ என்ற வடிவத்தை அறவே விட்டுவிட்டு, ப் ஒற்றோடு ‘வழிப்பாடல்’ என்று மட்டும் சொற்பட்டியலில் ஏற்றலாம். பாடுகிறவரை ‘வழிப்பாடகர்’ என்பது எனக்கு உறுத்துகிறது, ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவர் போல ஒலிக்கிறது. அதற்கு மட்டும் வேறு சொல் யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து