பத்து நிமிடத்தில் நின்றுபோகும் செயின்சா

கேள்வி: சிங்கப்பூர் லிம் சூ காங்கில் மரக்கிளை வெட்டும் வேலை எனக்கு. செயின்சா (மோட்டார் ரம்பம்) காலையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. பத்து நிமிடம் அறுத்ததும் திணறி நின்றுவிடுகிறது. ஸ்பார்க் பிளக் புதிது, ஏர் ஃபில்டரும் சுத்தம். என்ன செய்வது அண்ணே?

பதில்: தம்பி, நின்றதும் கொஞ்சம் சூடு ஆறவிட்டு, பெட்ரோல் மூடியை மெல்லத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் டேங்க்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. உள்ளே வெற்றிடம் உண்டாகி கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வராது.

பதில்: டேங்க்குக்குள் இருக்கும் ஃபில்டரையும் பாருங்கள். பெட்ரோல்-ஆயில் மிக்ஸ் 50:1 என்றால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி ஆயில். பழைய மிக்ஸை ஊற்றாதீர்கள்.

கேட்டவர்: ‘உஸ்’ என்றது அண்ணே! துளையில் மரத்தூளும் ஆயிலும் மெழுகுபோல் அப்பியிருந்தது. அந்தக் காற்றுத்துளை பாகத்தை (வென்ட்) மாற்றினேன். இன்று ஒரு அங்சானா மரக்கிளையை நிற்காமல் அறுத்து முடித்தேன். ரொம்ப நன்றி.