‘பிரடேட்டரி ஜர்னல்’: தமிழில் ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

பகுதி நேரமாகத் தமிழ் இளங்கலை படிப்பவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். ஆய்வுக் கட்டுரைக்கு மேற்கோள் எங்கிருந்து எடுக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்று அவர்களுக்கு இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுதத் தொடங்கினேன். முதல் பத்தியிலேயே வண்டி நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் பிரடேட்டரி ஜர்னல் என்கிறார்களே, அதைத் தமிழில் என்னவென்று எழுதுவது?

பொருளைச் சொல்லிவிடுகிறேன். பார்க்க ஆய்விதழ் போலவே இருக்கும். ஆசிரியர் குழு, தொகுதி எண், ஐஎஸ்எஸ்என் என்ற பன்னாட்டு இதழ் எண் எல்லாம் உண்டு. கட்டுரையை அனுப்பினால் மூன்றாம் நாள் ‘ஏற்கப்பட்டது’ என்று மடல் வரும், பின்னாலேயே பணம் கட்டச் சொல்லி இன்னொன்று வரும். நடுவில் ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள்.

என் மாணவி ஒருவர் பகலில் வேலை பார்த்து, இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு படிப்பவர். போன ஆண்டு இப்படி ஓர் இதழுக்கு 180 சிங்கப்பூர் வெள்ளி கட்டினார். ‘மதிப்புமிகு பேராசிரியர் அவர்களே’ என்று அழைத்திருந்தார்களாம். இளங்கலையே இன்னும் முடியவில்லை! நெய்தல் திணை பற்றி அவர் எழுதியது, கோழித் தீவனம் பற்றிய கட்டுரைக்கும் சிமெண்டுக் கலவை பற்றிய கட்டுரைக்கும் நடுவே வெளிவந்தது. எடுத்துவிடுங்கள் என்று கேட்டதற்கு, எடுப்பதற்கும் கட்டணம் உண்டு என்று பதில் வந்தது.

ஆங்கிலச் சொல்லைப் பரப்பியவர் கொலராடோ பல்கலைக்கழகத்தின் டென்வர் வளாகத்தில் நூலகராக இருந்த ஜெஃப்ரி பீல். 2010 வாக்கில் அவர் இதைப் புழக்கத்தில் விட்டார். அப்படிப்பட்ட பதிப்பகங்களைப் பட்டியலிட்டும் வந்தார். 2017 ஜனவரியில் அந்தப் பட்டியல் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. சொல் மட்டும் தங்கிவிட்டது.

பிரடேட்டரி என்றால் இரைதேடிக் கொன்று தின்கிற என்று பொருள். இதுவரை காதில் விழுந்த தமிழ்ச் சொற்கள் இவை. ‘வேட்டை இதழ்’ என்றால் எனக்கு அட்டையில் துப்பாக்கியும் மானும் தெரிகின்றன. ‘கொன்றுண்ணி இதழ்’ உயிரியல் பாடநூலில் புலிக்குச் சரி. ‘கொள்ளை இதழ்’ பரவாயில்லை, ஆனால் கொள்ளை அழகும் கொள்ளை நோயும் கூடவே வருகின்றன. அதோடு, பல்கலைக்கழகங்களிடம் பெரிய பதிப்பகங்கள் வாங்கும் சந்தாவைப் பார்த்தவர்கள், அந்தப் பட்டம் வேறு சிலருக்கும் பொருந்துமே என்பார்கள். பலரும் ‘போலி இதழ்’ என்று எழுதுகிறார்கள். அதைத் தர எனக்கு மனமில்லை. நிஜமான ஓர் இதழின் பெயரையும் எண்ணையும் திருடி, அதே மாதிரி தளம் அமைத்துக் காசு பார்க்கும் கூட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. போலி என்ற சொல் அதற்குத்தான் வேண்டும்.

என் முன்மொழிவு ‘பதரிதழ்’. வெளியே நெல், உள்ளே ஒன்றுமில்லை. வள்ளுவரே பயனில்லாத பேச்சைக் கொண்டாடுகிறவனை ‘மக்கட் பதடி’ என்கிறார். பதடி பதர்தான். மூலங்களைச் சரிபார்க்கும் வேலைக்கும் முறத்தில் போட்டுப் புடைப்பது என்று தானாகவே ஒரு வினை கிடைத்துவிடுகிறது.

என்ன சொல்கிறீர்கள்?

தோ பாயோவிலிருந்து

*

தம்பிக்கு,

பதரிதழ் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று என் மகளிடம் ‘பதர்’ என்றால் என்ன என்று கேட்டேன். பதற்றத்துக்குத் தம்பியா என்றாள். இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு அரிசி என்பது ஐந்து கிலோ பையில், லிஃப்டில் ஏறி வருவது. நெல்லையே படத்தில் பார்த்தவளிடம் முறத்தையும் புடைப்பதையும் எப்படி விளக்குவது? சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சொற்பொருள் போட வேண்டும்.

அது சின்ன விஷயம். பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் மாணவி எழுதிய நெய்தல் கட்டுரை பதரா? நீங்களே திருத்திக் கொடுத்ததாகப் போன மாதம் சொன்னீர்கள்.

ஈசூன் அக்கா

*

அன்பர்களே,

நான் இரண்டு செய்தி சொல்கிறேன், சொல் தர மாட்டேன்.

2015-இல் போலந்து ஆய்வாளர்கள் சிலர், அன்னா ஓ. ஷுஸ்ட் என்று இல்லாத ஒரு பெண்மணியை உருவாக்கி, ஆசிரியர் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று 360 இதழ்களுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். அவருக்குத் தகுதி எதுவும் கிடையாது. 48 இதழ்கள் வாருங்கள் என்று சேர்த்துக்கொண்டன. அதில் 40, பீல் பட்டியலில் இருந்தவை. வேடிக்கை பெயரில் இருக்கிறது. போலந்து மொழியில் ‘ஓஷுஸ்ட்’ என்றால் ஏமாற்றுக்காரர். ஆகவே ஆசிரியர் குழுவின் புகைப்படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம் என்று குறிப்பில் எழுதுங்கள். ஐஎஸ்எஸ்என் எண்ணும் அப்படித்தான். அது வண்டியின் பதிவெண் மாதிரி. ஓட்டுகிறவருக்கு உரிமம் இருக்கிறதா என்று அது சொல்லாது.

இரண்டாவது, பணம் வாங்குவதே குற்றம் என்று எழுதிவிடாதீர்கள். யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்று திறந்துவைக்கும் நல்ல இதழ்களில் பலவும் எழுதுகிறவரிடம்தான் கட்டணம் வாங்குகின்றன. தொகையை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்கிறார்களா, கட்டுரையை உண்மையில் யாராவது படிக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

வெளியிடும் முன் அதே துறைக்காரர்கள் கட்டுரையைப் படித்துச் சரிபார்க்கும் பியர் ரிவியூவுக்கும் ஒரு சொல் வேண்டுமே? தொல்காப்பியப் பாயிரத்தில் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்கு நூலை ‘அரில்தபத் தெரிந்து’ காட்டியதாக வருகிறது. அரில் என்றால் குற்றம், தப என்றால் நீங்க. ‘அரில்தபு ஆய்வு’ என்றால் எப்படி?

பினாங்கிலிருந்து

*

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி.

அரில்தபு ஆய்வு என்று வகுப்பில் சொன்னால் பாதிப் பேர் அடுத்த வாரம் வர மாட்டார்கள், ஐயா. ‘இணையம்’ நிலைத்தது, ‘வையவிரிவலை’ நிலைக்கவில்லை. நாக்குக்குப் பிடிக்காததை அகராதி மட்டும் வைத்துக் காப்பாற்ற முடியாது. ‘சக மதிப்பாய்வு’ என்றே எழுதிவிடுகிறேன். ஆனால் அந்தப் பாயிரத்தை வகுப்பில் சொல்லப் போகிறேன். அவையில் ஒருவர் துருவித் துருவிக் கேட்டு, தப்பிப் பிழைத்தால்தான் நூல் என்பது நமக்குப் புதிதில்லை என்று தெரியட்டும்.

அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன். இரண்டு நாளாக அது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கட்டுரை பதர் இல்லை. மணியான நெல்லைப் பதர் மூட்டையில் போட்டுவிட்டார், அவ்வளவுதான். எதிர்ப்பக்கமும் உண்டு. வைலி என்ற பழைய, பெரிய பதிப்பகம் 2021-இல் ஹிந்தாவி என்ற ஆய்விதழ்ப் பதிப்பகத்தை வாங்கியது. 2023-இல் ஹிந்தாவி இதழ்களிலிருந்து மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. காசுக்குக் கட்டுரை செய்துதரும் கும்பல்கள் சிறப்பிதழ்கள் வழியாக உள்ளே புகுந்திருந்தன. பெயர் பெற்ற களஞ்சியத்திலும் பதர் குவியும். அப்படியானால் பதர் என்பது கட்டுரைக்குச் சொல்ல வேண்டியது. இதழுக்கு அதைச் சூட்டியது என் தவறு.

இதழில் நாம் குறை சொல்வது அதன் நடத்தையை. 2019-இல் பத்து நாடுகளைச் சேர்ந்தவர்கள் கூடி இதற்கு ஒரு வரையறை வகுத்தார்கள். பொய்யான தகவல், நல்ல பதிப்பு முறையிலிருந்து விலகல், ஒளிவுமறைவு, கண்டபடி எல்லாருக்கும் அழைப்பு அனுப்பி நச்சரிப்பது. இவ்வளவும் அதில் இருக்கின்றன. மதிப்பாய்வின் தரத்தை அவர்கள் சேர்க்கவில்லை, ஏனென்றால் வெளியிலிருந்து அதை அளக்க வழியில்லை. ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் என்ற ஆய்விதழ் நிறுவனத்தின் மேல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் போட்ட வழக்கும் இதே தடத்தில்தான் போனது. கட்டுரைகள் நல்லவையா கெட்டவையா என்பது அங்கே வழக்கு இல்லை. மதிப்பாய்வு செய்வதாகச் சொல்லி ஏமாற்றினார்கள், கட்டணத்தை மறைத்தார்கள் என்பதுதான். 2019 மார்ச்சில் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

ஏமாற்றி இழுப்பதுதான் சாரம் என்றால், நமக்குச் சொல் கையிலேயே இருக்கிறது: ‘தூண்டில் இதழ்’.

இதற்கு ஒரு சின்ன மொழி அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கிறது. புலி தின்பதையும் இரை என்கிறோம், தூண்டில் முள்ளில் கோப்பதையும் இரை என்கிறோம். ஆங்கிலச் சொல் முதல் இரையைப் பார்க்கிறது. நாம் இரண்டாவதைப் பார்க்கலாம். ‘பேராசிரியர் அவர்களே’ என்பது புழு. அடையாளம் கண்டுகொள்ள அதுவே போதும்: கேட்காமலே வருகிற புகழ்ச்சி.

கூடவே ஒரு குடும்பமும் கிடைக்கிறது. தூண்டில் பதிப்பகம், தூண்டில் அழைப்பு, தூண்டில் மாநாடு. கடைசியாகச் சொன்னது நம் ஊருக்கு மிகவும் தேவை. சிங்கப்பூர் என்ற பெயரைப் போட்டு, ஏதோ ஒரு ஹோட்டலின் அறையில் பத்துத் துறைக்கும் சேர்த்து ஒரே நாளில் நடக்கும் ‘உலக மாநாடு’களுக்கு எனக்கே மாதம் இரண்டு மடல் வருகிறது. அக்காவின் மகளுக்கும் புரியும். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் தூண்டிலோடு நிற்கிறவர்களை அவள் பார்த்திருப்பாள்.

ஒரு தடை எனக்கே தெரிகிறது. முள் இருப்பது தெரிந்தே கடிக்கும் மீன்களும் உண்டு. பதவி உயர்வுக்கு எண்ணிக்கை காட்ட வேண்டும், யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைப்பவர்கள். அவர்களை ஏமாந்தவர் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் மீன் தெரிந்து கடித்தாலும் தூண்டில் தூண்டில்தானே?

தேசிய நூலக வாரியம் 2013 முதல் நடத்தும் ‘ஷ்யூர்’ இயக்கம் நம் பிள்ளைகளுக்கு மூலத்தைப் பார், சூழலைப் புரிந்துகொள், தேடு, மதிப்பிடு என்று பழக்கியிருக்கிறது. வாட்ஸ்அப் செய்தி வந்தால் சந்தேகப்படத் தெரிந்தவர்கள்தாம். அதே ஆள், இரண்டு பத்தியாக அச்சிட்டு அடியில் குறிப்புகள் போட்ட பிடிஎஃப்பைக் கண்டால் கைகட்டி நின்றுவிடுகிறார். ஆகவே குறிப்பில் கேள்விகளை இரண்டாகப் பிரித்திருக்கிறேன். இதழ் தூண்டிலா என்பது ஒன்று: அழைப்பு எப்படி வந்தது, கட்டணம் எங்கே எழுதியிருக்கிறது, பழைய இதழ்களைப் புரட்டினால் கோழித் தீவனமும் நெய்தலும் ஒரே கூரையில் இருக்கின்றனவா. கட்டுரை பதரா என்பது இன்னொன்று. அதற்குப் படித்துப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. மேற்கோள்களில் நான்கைந்தை எடுத்து, அவை உண்மையில் இருக்கின்றனவா, சொன்னதைத்தான் சொல்கின்றனவா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மாணவர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை நகல் எடுக்கக் கொடுக்கிறேன். அதற்குள் யாருக்காவது தூண்டில் பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள்.

அப்புறம், அந்த மாணவியிடம் இரண்டு சொல்லையும் சொன்னேன். தூண்டில் சரி, சார், ஆனால் மாட்டினதை எடுத்துவிட என்ன சொல் என்று கேட்டார். ‘ரிட்ராக்‌ஷன்’ என்பதற்கு மேலே நான் ‘திரும்பப் பெறுதல்’ என்று எழுதியிருக்கிறேன், அவ்வளவு திருப்தி இல்லை. கடையில் வாங்கிய சட்டையைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி இருக்கிறது. அடுத்த இழையை அதில் தொடங்கலாமா?

தோ பாயோவிலிருந்து