புதுப்பிப்பு: சாயந்திரமானா நெட் அறுந்த கதை, ஒருவழியா முடிஞ்சது

போன வாரம் புலம்பியிருந்தேன்ல, திருவையாறு பக்கம் எங்க வீட்டு ஃபைபர் லைன் அடிக்கடி அறுந்து அறுந்து வருதுன்னு? நெட் கம்பெனிக்கு மூணு தடவை புகார். மூணு தடவையும் ஒரே பாட்டு: ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, ஸ்பீட் டெஸ்ட் போட்டு அனுப்புங்க. அனுப்பினா, "95 எம்பிபிஎஸ் ஸ்பீட் வருதே சார்"னு சொல்லி புகாரை மூடிட்டாங்க. அந்த டெஸ்ட் ஓடுறது அவங்க சர்வர்லயே, அதுவும் அரை நிமிஷம். லைன் நல்லா இருக்குற நேரத்துல போட்டா நல்லாத்தானே வரும்!

இந்தத் தடவை லேப்டாப்பை லேன் கேபிள்ல மாட்டி, கூகுளோட 8.8.8.8 சர்வருக்கு ராத்திரி பூரா பிங் (சின்ன சின்ன டேட்டா பாக்கெட் அனுப்பி, பதில் வருதான்னு பார்க்குறது) ஓடவிட்டேன். நூத்துக்கு பன்னெண்டு பாக்கெட்டுக்குப் பதிலே காணோம். போன பதிவுல ஒருத்தர் கமெண்ட்ல சொன்ன மாதிரி ரூட்டரோட செட்டிங்ஸ் பேஜ்ல ஆப்டிக்கல் பவரையும், அதாவது ஃபைபர்ல வர்ற வெளிச்சத்தோட அளவையும் பார்த்தேன்: மைனஸ் 29 டிபிஎம். மைனஸ் 27க்குக் கீழே போனாலே ஆபத்து. 3 டிபி (டெசிபல்) குறைஞ்சா வெளிச்சம் பாதின்னு அர்த்தம்.

புகார் எண்ணோட இதையும் சேர்த்து, கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிக்கு மெயில் போட்டேன். டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி அப்படி ஒருத்தர் இருந்தாகணும், முறையிட காசு கிடையாது. மறுநாளே லைன்மேன் அண்ணன் வெளிச்சத்தை அளக்குற பவர் மீட்டரோட வந்துட்டார்.

வாய்க்கால் ஓரத்துல தென்னமட்டை விழுந்து கேபிள் முழங்கை மாதிரி மடிஞ்சு கிடந்தது. வெட்டி ஒட்டினார். இப்போ மைனஸ் 21. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி"ன்னார். யார்கிட்டண்ணே சொல்றது?