முதல் முழு ட்ரையத்லானுக்கு முன்னால் எவ்வளவு நீளமான ரைடு போனீர்கள்?

திருவான்மியூர் சைக்கிள்:

நவம்பரில் மலேசியாவின் லங்காவி தீவில். என் முதல் முழு தூரப் போட்டி. 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். முன்பு கோவாவில் பாதி தூரம் முடித்திருக்கிறேன். அங்கே சைக்கிள் 90 கி.மீ.தான். பயிற்சியிலேயே 100 வரை போயிருந்ததால் தூரத்தைப் பற்றிக் கவலையே படவில்லை. அதே கணக்கை இப்போது இரட்டிப்பாக்கினால் 200 ஓட்ட வேண்டும். சனிக்கிழமை விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பி மதியம் வந்து சேர்ந்தால் மிச்ச நாள் முழுக்கப் படுக்கையில் போய்விடுகிறது. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் பயமாக இருக்கிறது.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், "180 ரெண்டு தடவையாவது ஓட்டாம ரேஸுக்குப் போகாதே" என்கிறார். இன்னொருவர் 120 தாராளம் என்கிறார். நான் இதுவரை போனதில் அதிகம் 130. இன்னும் 11 வாரம் இருக்கிறது. முடித்தவர்கள் எவ்வளவு போனீர்கள், அன்றைக்கு அது போதுமானதாக இருந்ததா என்று சொல்லுங்கள். அட்டவணை வேண்டாம், அது எங்கே தேடினாலும் கிடைக்கிறது. நடந்ததைச் சொல்லுங்கள்.

பழைய பி.ஆர்.எம். ஆள்:

தம்பி, என் கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. இருந்தாலும் சொல்கிறேன்.

முதல் முழு தூரத்துக்குப் பெயர் கொடுத்தபோது 200, 300, 400 கி.மீ. என்று வரிசையாக பி.ஆர்.எம். (நேரக் கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) முடித்த மெடல்கள் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. 180 எல்லாம் எனக்கு ஒரு தூரமா என்ற நினைப்பு. மற்றவர்கள் சைக்கிளுக்கு ஒதுக்கும் நேரத்தையும் சேர்த்து நீச்சலுக்குக் கொடுத்தேன், ஏனென்றால் எனக்குத் தண்ணீர்தான் எதிரி.

போட்டி நாள் வந்தது. நீச்சல் 1 மணி 35 நிமிடம், பரவாயில்லை. சைக்கிளில் ஏறினேன். 110 கி.மீ. வரை ராஜா மாதிரி போனேன். அதன் பிறகு இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் யாரோ கட்டையால் அழுத்துவது போல ஒரு வலி. ஏரோ பாரில், அதாவது முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டும் கைப்பிடியில், குனிய முடியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்று நெஞ்சில் அடிக்கிறது. வயிற்றில் சக்திக்காகச் சாப்பிட்ட இனிப்பு ஜெல் இறங்காமல் அங்கேயே நிற்கிறது. எப்படியோ 7 மணி 25 நிமிடத்தில் சைக்கிளை முடித்து இறங்கினேன். இறங்கினேன் என்றால், காலைத் தூக்கிப் போட்டு இறங்கவில்லை. சைக்கிளைச் சாய்த்து அதிலிருந்து வெளியே வந்தேன். ஓட்டத்தில் மூன்றாவது கிலோமீட்டரில் நடக்க ஆரம்பித்தேன். அந்த மாரத்தான் எனக்கு 6 மணி 40 நிமிடம் ஆனது. மொத்தம் 16 மணி 10 நிமிடம். 17 மணி நேரக் கெடுவான கட்-ஆஃபுக்கு முன்னால் வந்தேன், மெடல் கிடைத்தது. போட்டோவில் நான் சிரிப்பது போல இருக்கும். அது சிரிப்பு இல்லை.

வீட்டுக்கு வந்து நிதானமாக யோசித்தபோதுதான் புரிந்தது. பி.ஆர்.எம். 200க்கு 13 மணி 30 நிமிடம் கொடுப்பார்கள். நான் பத்தரை மணியில் முடிப்பேன். அதில் டீக்கடை ஒன்று, இட்லிக்கு நாற்பது நிமிடம், கன்ட்ரோல் என்ற சோதனை இடத்தில் கார்டில் முத்திரை வாங்க ஒரு நிறுத்தம், புளியமரத்தடியில் ஒரு கட்டை நீட்டல். ரைடைப் பதிவு செய்யும் கார்மின் கருவியில் பழைய ரைடுகளை எடுத்துப் பார்த்தேன். நிற்காமல் ஓட்டிய மிக நீளமான துண்டு இரண்டு மணி நேரத்தைத் தாண்டவில்லை! என்னிடம் 400 கி.மீ. மெடல் இருந்தது. ஆனால் ஏழு மணி நேரம் தொடர்ந்து மிதித்த உடம்பு இல்லை.

இரண்டாவது விஷயம் குழு. ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டுப் பேர் வரிசையாகப் போவோம். முன்னால் இருப்பவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் இருப்பவர் அவர் டயரை ஒட்டிக்கொண்டு சுகமாக வருவார். அப்படி ஒட்டிப் போனால் நல்ல வேகத்தில் உழைப்பு கால் பங்குக்கும் மேல் குறையும். போட்டியில் முன்சக்கரத்துக்கும் முன்சக்கரத்துக்கும் 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் தண்டனைக் கூடாரத்தில் சில நிமிடம் நிற்க வைத்துவிடுவார்கள். ஆக குழுவில் போன 150 என்பது தனியாகப் போன 150 இல்லை. நான் எப்போதும் வரிசையில் ஐந்தாவது ஆள்.

மறு வருடம் எல்லாவற்றையும் மாற்றினேன். கடைசி 12 வாரத்தில் ஐந்து மணி நேர ரைடு நான்கு, ஆறு மணி நேரம் ஒன்று. அந்த ஆறு மணி நேரத்தில் வந்தது 150 கி.மீ.தான், 180ஐத் தொடவே இல்லை. எல்லாம் தனியாக. பாட்டில் நிரப்ப மட்டும் நிறுத்துவேன், கால் கீழே ஊன்றியது மொத்தம் பத்து நிமிடத்துக்குள். இறங்கியதும் ஷூ மாற்றி அரை மணி ஓட்டம். இந்த முறை சைக்கிள் 7 மணி 10 நிமிடம். பாருங்கள், பதினைந்து நிமிடம்தான் குறைந்தது. ஆனால் மாரத்தான் 5 மணி 5 நிமிடத்தில் முடிந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் லாபம், எல்லாம் சைக்கிளிலிருந்து வந்த லாபம், கணக்கில் காட்டுவது ஓட்டத்தில்.

அதனால் என் பதில் கிலோமீட்டரில் இல்லை. ஐந்து மணி நேரத்தைப் பலமுறை, ஆறு மணி நேரத்தை ஒருமுறை.

கோவைக்காரி:

மேலே அண்ணா சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன், ஒன்றைத் தவிர. நான் தனியாகப் போகவில்லை, விடியற்காலை இருட்டில் பெண் தனியாகப் போவது எனக்குச் சரிப்படாது. கணவர் ஸ்கூட்டரில் பின்னால் வருவார். அவர் பொறுமைக்குத்தான் மெடல் கொடுக்க வேண்டும்.

நான் செய்த தப்பு வேறு மாதிரி. என் முதல் போட்டி சுவீடனில் கால்மர். எங்களுக்குப் பக்கத்தில் மலை இருக்கிறதே என்று லாங் ரைடு எல்லாம் மலையிலேயே செய்தேன். ஆழியாறிலிருந்து வால்பாறை, 40 கொண்டை ஊசி வளைவு. கோத்தகிரி இரண்டு முறை. மூச்சு வாங்க ஏறி, இறங்கி வீட்டுக்கு வந்து, "இன்று ஆறு மணி நேரம்" என்று பெருமையாக எழுதி வைப்பேன். அந்த ஆறு மணியில் ஒன்றரை மணி நேரம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து இறங்கியது. அதை யார் கழித்தார்கள்?

கால்மரில் சைக்கிள் பாதை பலகை போல. பெரிய பாலத்தைக் கடந்து ஓலாந்து தீவுக்குள் போய்ச் சுற்றி, திரும்ப நகரத்துக்கு வந்து இன்னொரு சுற்று. ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, காற்று மட்டும் உண்டு. காலுக்கு வலிமை இருந்தது. ஆனால் ஒரே நிலையில், ஒரே கியரில், ஒரு நொடி கூட மிதிப்பதை விடாமல் ஆறரை மணி நேரம். நான்காவது மணியில் கழுத்து போனது. தலையைத் தூக்கி ரோட்டைப் பார்க்க முடியாமல் கண்ணை மட்டும் மேலே உருட்டிப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். சீட்டில் உரசிய இடத்தைப் பற்றிப் பொதுவெளியில் எழுத வேண்டாம். பெண்கள் யாராவது கேட்டால் தனியாகச் சொல்கிறேன், சீட்டை மாற்றுவதைத் தள்ளிப் போடாதீர்கள் என்பதை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கு வந்த பிறகு ட்ரெய்னரில், அதாவது சைக்கிளை நிறுத்தி வைத்தே மிதிக்கும் கருவியில், மூன்று மணி நேரம் உட்கார ஆரம்பித்தேன். ஹாலில், ஃபேனுக்கு நேராக, கீழே பழைய பெட்ஷீட் விரித்து. குழந்தை பக்கத்தில் ஹோம்வொர்க் செய்யும். சிக்னல் இல்லை, இறக்கம் இல்லை, மாடு குறுக்கே வராது. வெளியே நான்கு மணி நேரம் போன அசதி அந்த மூன்று மணியில் வந்துவிடும். வேலைக்குப் போகும் பெண்கள் யாராவது "வெளியே போக முடியவில்லை, அதனால் என்னால் முடியாது" என்று நினைத்தால், முடியும்.

லங்காவியில் ஏற்றம் உண்டு என்று கேள்விப்பட்டேன். போன யாராவது சொல்லுங்கள்.

சுங்கைப்பட்டாணி:

உண்டு. நான் கெடாவில் இருக்கிறேன், லங்காவி எங்களுக்கு ஃபெரி தூரம். போட்டியில் ஓடியவன் இல்லை, சைக்கிளை வாங்கி வைக்கும் இடத்தில் தொண்டூழியம் செய்தவன். பாதை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மழை வந்தால் கொட்டும், நின்றதும் ரோட்டிலிருந்து ஆவி கிளம்பும்.

ஐந்து மணி நேரம் சைக்கிள்களைக் கையில் வாங்கியதில் ஒன்று கவனித்தேன். வேகமாக வந்தவர் நன்றாக ஓடுவார் என்று இல்லை. பாட்டிலைப் பார்த்தால் தெரிந்துவிடும். சைக்கிளில் கட்டிய சாப்பாடு அப்படியே இருக்கும், ஜெல் எல்லாம் டேப் போட்டு ஒட்டியபடி வெயிலில் ஊதிப்போய் இருக்கும், ஆள் முகம் வெளுத்திருக்கும். ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்ற விரல் வராமல் என்னைக் கழற்றச் சொன்னார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "பசிக்கலை" என்றார்.

திருவான்மியூர் சைக்கிள்:

இதுதான் எனக்கும் பயம். மூன்று மணிக்கு மேல் எனக்கும் இனிப்பைப் பார்த்தாலே குமட்டுகிறது. ஓ.ஆர்.எஸ்.ஸும் இளநீரும் வைத்துச் சமாளிக்க முடியாதா?

பழைய பி.ஆர்.எம். ஆள்:

முடியாது தம்பி. ஓ.ஆர்.எஸ். உப்புக்கு நல்லது, சக்திக்கு ஆகாது. ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், அது ஒரு வாழைப்பழத்தில் பாதி. உனக்கு மணிக்கு 60 கிராமாவது வேண்டும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, ஆனால் நம் வியர்வையில் போவது சோடியம், அது அதில் குறைவு. உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரி. ஏழு மணி நேர சைக்கிளுக்கு அது பத்தாது. அதற்கப்புறம் மாரத்தான் வேறு இருக்கிறது.

லாங் ரைடுக்கு உண்மையான வேலையே இதுதான் என்பேன். கால் பழக ஐந்து மணி நேரம் வேண்டாம், வயிறு பழகத்தான் வேண்டும். அலாரம் வைத்து இருபது நிமிடத்துக்கு ஒரு வாய். பசி வந்தால் ஏற்கெனவே தாமதம். இனிப்பு திகட்டினால் உப்புப் போட்டு வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கு, எனக்கு அதுதான் காப்பாற்றியது. ஃபாயிலில் சுற்றி ஜெர்சிப் பையில். போகும்முன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை எடை பார். எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தெரியும்.

180 போனவன்:

எல்லாரும் போகாதே என்கிறீர்கள். நான் போனேன், போனதற்கு வருத்தமில்லை. போட்டிக்கு ஐந்து வாரம் முன்னால், திருவான்மியூரிலிருந்து மரக்காணம் பக்கம் வரை, பிறகு திரும்பி, தூரம் சரியாக வரும் இடத்தில் நிறுத்தினேன். எட்டு மணி நேரம் ஆனது. அடுத்த பத்து நாள் ஓட்டப் பயிற்சி வீணானது உண்மை. ஆனால் நான் இரவெல்லாம் தூங்காமல் "180 முடியுமா" என்று யோசிக்கும் ரகம். அன்றைக்கு உப்பளத்தைத் தாண்டித் திரும்பியபோது அந்தக் கேள்வி செத்துப்போனது. போட்டியில் அந்த ஒரு கவலை இல்லாமல் ஓட்டினேன். மனசுக்கும் பயிற்சி வேண்டும் இல்லையா?

பழைய பி.ஆர்.எம். ஆள்:

அந்தப் பத்து நாள் வீணானது உண்மை என்று நீங்களே சொல்கிறீர்களே! சரி, உங்கள் தூக்கம் உங்கள் பாடு. கடைசி இரண்டு மூன்று வாரத்துக்குள் மட்டும் யாரும் இதைச் செய்யாதீர்கள்.

கோவைக்காரி:

பயம் கட்-ஆஃபைப் பற்றி என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான போட்டிகளில் நீச்சலும் சைக்கிளும் சேர்த்து 10 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நீச்சலும் உடை மாற்றுவதும் சேர்ந்து இரண்டு மணி நேரம் போனாலும் எட்டரை மணி நேரம் மிச்சம். மணிக்கு 21 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல் போனால் போதும். 130 தனியாக ஓட்டியவருக்கு அது கைக்கு எட்டாத வேகம் இல்லை. ஏற்றமும் பஞ்சரும் தின்னும் நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

திருவான்மியூர் சைக்கிள்:

போனேன். ஆறு மணி நேரம் என்று வைத்தேன், 5 மணி 45 நிமிடத்தில் முடித்துக்கொண்டேன். 146 கி.மீ. கல்பாக்கம் தாண்டிப் போய்த் திரும்பினேன். அதிகாலை நாலு மணிக்கு ஈ.சி.ஆர். என்ற கிழக்குக் கடற்கரைச் சாலையில் நானும் பால் வண்டிகளும் மட்டும். கோவளம் வரை சுகம். திரும்பும்போது மாமல்லபுரத்துக்கு அப்புறம் எதிர்காற்று. அங்கேதான் அண்ணா சொன்ன அந்த இடுப்பு வலி லேசாக எட்டிப் பார்த்தது. நல்லவேளை, லங்காவியில் வராமல் இங்கே வந்தது. திங்கட்கிழமை கடைக்குப் போய் ஹேண்டிலை, அடியில் ஸ்பேசர் வளையம் ஒன்று போட்டு, உயர்த்தப் போகிறேன்.

உருளைக்கிழங்கு அருமை. எட்டு எடுத்துப் போனேன், இரண்டு ரோட்டில் உருண்டுவிட்டது, ஒரு நாய்க்கு நல்ல காலம். இருபது நிமிட அலாரம் மூன்றாவது மணியிலிருந்து எரிச்சலாக இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. இறங்கியதும் அபார்ட்மென்ட் வளாகத்துக்குள்ளேயே அரை மணி ஓடினேன். முதல் பத்து நிமிடம் கால் என்னுடையதாக இல்லை. வாட்ச்மேன் இரண்டு முறை என்ன சார் ஆச்சு என்று கேட்டார். பிறகு வந்தது.

எடை காலையில் 71.4, வந்தபின் 68.9. வழியில் குடித்தது நாலு லிட்டர். அப்படியென்றால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்த்திருக்கிறேன். இதுவரை இரண்டு பாட்டிலோடு எப்படி 130 போனேன் என்று தெரியவில்லை. மதியம் ஒரு மணி நேரம்தான் படுத்தேன். சாயங்காலம் வீட்டோடு பெசன்ட் நகர் போய் வந்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இந்த முறை அது வேறு மாதிரி இருந்தது.

180 போகவில்லை, போகவும் போவதில்லை. இன்னும் இரண்டு ஐந்து மணி நேர ரைடு இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு முட்டுக்காடு பாலத்தில் இருப்பேன், வர விரும்புகிறவர்கள் வரலாம். 12 மீட்டர் தள்ளி.